வான்வழித் தூரமும் வாசற்படித் தூரமும்

“இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஆகாய மார்க்கமாக எத்தனை மைல்? எவ்வளவு நேரம் பிடிக்கும்?” புவியியற் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது. ஒரு வரியில் விடை சொல்லி முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆயின் அந்த ஒரு வரிக்குள் அடங்காத சங்கதிகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று நமது மஸ்கெலியா மலைகளில் நூற்றுத் தொண்ணூற்றொரு உயிர்களைப் பலிகொண்டது. ஆகவே விடையைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலிற் கணக்கு. பூகோளத்தின் அகலக்கோடுகள் பாகைகளாலும், ஒவ்வொரு பாகையும் அறுபது கலைகளாலும் அளக்கப்படுகின்றன என்பதை மாணவர்கள் அறிவர். வடக்குத் தெற்காகச் செல்லும்போது ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். பலாலி விமான நிலையம் 9 பாகை 47 கலை வட அகலக்கோட்டிலும், இரத்மலானை 6 பாகை 49 கலையிலும் அமைந்துள்ளன. கழித்துப் பார்த்தால் 2 பாகை 58 கலை, அதாவது 178 கலை. எனவே தூரம் 178 கடல் மைல். நெடுங்கோட்டில் இரண்டிற்கும் வேற்றுமை மிகச் சிறிது. அதை விட்டுவிட்டாலும் விடை கெடாது. கிலோமீற்றராக மாற்றினால் ஏறக்குறைய 330. நிலத்து மைலில் 205. ஒரு பென்சிலும் தேசப்படமும் இருந்தால் எவரும் ஐந்து நிமிடத்திற் கண்டுபிடித்துவிடலாம்.

இனி நேரம். எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10ஆம் தேதி தன் முதற் பயணத்தை நடத்தியபோது, ‘சீதா தேவி’ என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, அப்பால் சென்னைக்குச் சென்றது. டக்கோட்டா மணிக்குச் சுமார் 170 மைல் வேகத்திற் பறக்கக் கூடியது. 205 மைலை 170ஆல் வகுத்தால் ஒரு மணி 12 நிமிடம் வரும். இன்றுள்ள ஏ.டி.ஆர். போன்ற சுழல்விசிறி விமானமோ மணிக்கு 500 கிலோமீற்றர் வரை செல்லும். அதன்படி 40 நிமிடம் போதும். இத்தனை ஆண்டு விஞ்ஞான முன்னேற்றத்தில் நமக்குக் கிடைத்த இலாபம் அரை மணி நேரம்!

அந்த அரை மணியும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. விமானம் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். மெதுவாக மேலெழ வேண்டும். இறங்குமிடத்தை அண்மியதும் வேகத்தைக் குறைத்து, காற்றுக்கு எதிர்முகமாக ஓடுபாதையைப் பிடிக்க வேண்டிச் சுற்றிவர வேண்டும். நெடுந்தூரப் பயணத்தில் இந்தச் சில்லறை நேரங்கள் கண்ணிற் படா. குறுந்தூரத்திலோ அவையே முதலை விழுங்கிவிடும். திருச்சிராப்பள்ளிக்கும் பலாலிக்கும் இடையேயுள்ள தூரம் சுமார் 99 கடல் மைல்; 184 கிலோமீற்றர். மணிக்கு 500 என்று வகுத்தால் 22 நிமிடம். 2025 மார்ச் 30ஆம் தேதி இந்த வழியில் விமான சேவை தொடங்கியபோது பயணிகளுக்குச் சொல்லப்பட்டதோ ஏறத்தாழ ஒரு மணி. அட்டவணை பொய் சொல்லவில்லை. வகுத்தற் கணக்குத்தான் உலகத்தைக் காணவில்லை.

பலாலியைப் பற்றிப் பேசும்போது வேறொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. யாழ்ப்பாணத்திற்கான ரயில் 1990இல் நின்றது. 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் ஓடிற்று. தரைவழி அடைபட்டிருந்த காலங்களில் நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் இந்த 178 கடல் மைல் வான்வழியே உயிர்நாடியாக இருந்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று மன்னார்க் கடலிற் சுட்டு வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர். மூன்று மணிக்கூறு நீளாத பிரயாணத்திற்கும் மனிதர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறிய காலம் அது.

மலைநாட்டிற்கு வருவோம். “கொழும்புக்கு எவ்வளவு தூரம்?” என்று ஹட்டனில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கிலோமீற்றர் எண்ணிக்கையை அவர் சொல்லார். “நாலு மணித்தியாலம்” என்பார். மழைக்காலமானால் “ஐந்தோ ஆறோ” என்பார். தூரத்தை நேரத்தால் அளக்கும் இப்பழக்கத்தை அறியாமை என்று எண்ணவேண்டாம். தேசப்படத்தில் ஹட்டனுக்கும் கொழும்புக் கோட்டைக்கும் இடையே ஒரு நேர்கோடு இழுத்தால் அது 82 கிலோமீற்றரே. ரயில் பாதையின் நீளமோ 173 கிலோமீற்றர். இரண்டு மடங்கிற்கும் அதிகம். ரயில் முதலில் வடகிழக்கே பொல்காவலைவரை சென்று, கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சிரைத்து ஏறி, பேராதனையில் தெற்கு நோக்கித் திரும்பி, கம்பளை, நாவலப்பிட்டி வழியாக மறுபடியும் மலையேறுகிறது. 1884ஆம் ஆண்டில் இப்பாதை ஹட்டனை அடைந்தது. அதனை இட்டவர்களுக்கு அவசரம் தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்திற்குக் கொண்டுபோவதில். பயணிகளின் சௌகரியம் அடுத்தபடி. பட்டிப்பொலை நிலையத்தை எட்டும்போது அது கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. இலங்கை ரயில் நிலையங்களுள் அதுவே மிக உயர்ந்தது.

“அப்படியானால் நுவரெலியாவில் ஒரு விமான நிலையம் கட்டிவிட்டால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். தேர்தற் காலங்களில் கேட்பதற்கும் இனிமையான கேள்விதான். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலே காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கைக்குத் தாங்கும் பலம் வேண்டுமானால் விமானம் அதிக வேகம் எடுத்தாக வேண்டும். அதற்கு ஓடுபாதை நீண்டிருக்க வேண்டும். சுற்றிலும் மலையும், பிற்பகலில் இறங்கும் பனிமூட்டமும் உள்ள ஊரில் அவ்வளவு நீளமான சமநிலத்தை எங்கே தேடுவது? காசல்ரீ நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிய சிறு கடல்விமானங்கள் இறங்கியதுண்டு. தோட்டத்துக் குடும்பங்கள் அவற்றைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. எமது அபிப்பிராயம் இதுதான்: ஒரு விமான நிலையத்திற்காகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை மண்சரியும் வீதிகளுக்குச் செலவிட்டால் ஹட்டன் கொழும்புக்கு இன்னும் அருகில் வந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோது மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் எத்தனை இடங்களில் அறுந்தன என்பதையும், உணவுப் பொதிகள் ஹெலிகொப்டரில் வரவேண்டியிருந்ததையும் யாவரும் கண்டனர்.

மேலே குறிப்பிட்ட மஸ்கெலியாச் சம்பவத்திற்கு வருவோம். இன்றைய இளைஞர்கள் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கலாம்.

1974 டிசம்பர் 4ஆம் தேதி. இந்தோனேசியாவிலுள்ள சுரபாயாவிலிருந்து மார்ட்டினெயார் என்ற ஒல்லாந்து நிறுவனத்தின் டிசி-8 ஜெட் விமானம் ஒன்று புறப்பட்டது. ஹஜ் யாத்திரை செல்லும் 182 பேர் அதில் இருந்தனர். பணியாளர் 9 பேர். கட்டுநாயக்காவில் தங்கி, பின்னர் ஜித்தாவுக்குச் செல்வது ஏற்பாடு. சுரபாயாவுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர், பெரும்பாலும் சமுத்திரம். நான்கரை மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம். இரவு பத்து மணி கடந்த வேளையில், விமான நிலையத்தை அண்மிவிட்டோம் என்று எண்ணி விமானிகள் கீழிறங்கிக்கொண்டிருந்தனர். உண்மையில் கட்டுநாயக்கா இன்னும் 40 கடல் மைலுக்கு அப்பால் மேற்கே இருந்தது. அவர்களுக்கு முன்னே இருளில் நின்றது சப்தகன்னியர் மலைத்தொடர். நோட்டன் பிரிட்ஜுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையே ஏழு சிகரங்களாக நிமிர்ந்து நிற்பதை அப்பக்கம் செல்வோர் தவறாது காண்பர். சுமார் 4,355 அடி உயரத்தில் விமானம் மலையில் மோதிற்று. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துக்களுள் இன்றுவரை மிகப் பெரியது இதுவே. நோட்டன் பிரிட்ஜில் அதற்கொரு நினைவுச் சின்னம் உண்டு.

எப்படி நேர்ந்தது? விசாரணை செய்தோர் கண்ட முடிவைச் சுருக்கமாகச் சொன்னால், விமான நிலையத்திற்குத் தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கிவிட்டனர். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்ததே அத்தவறுக்கு இடங்கொடுத்தது என்பது அவர்களின் கருத்து.

டொப்ளர் கருவி என்பது யாது? ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி கீச்சென்றும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? தொனியின் அந்த மாற்றத்தை ஆராய்ந்தவர் கிறிஸ்தியன் டொப்ளர் என்ற ஒஸ்திரிய விஞ்ஞானி, ஆண்டு 1842. விமானம் கீழ்நோக்கி வானொலி அலைகளைச் செலுத்தி, தரையிலோ கடலிலோ பட்டு மீளும் அலையின் மாற்றத்தைக் கொண்டு தன் வேகத்தையும், காற்றினால் பக்கவாட்டில் தள்ளப்படும் அளவையும் அறியலாம். வேகத்தை நேரத்தாற் பெருக்கினால் கடந்த தூரம் கிடைக்கும். நமது மாணவர்கள் செய்யும் அதே பெருக்கல்தான். வேகத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும் மணிக்கு மணி அது சேர்ந்துகொண்டே போகும் என்பதே இம்முறையின் குறை. கடைக் கணக்கில் நாளுக்கு ஐந்து சதம் தவறினால் வருட முடிவில் என்னவாகும்? அதுபோல.

இனி அந்தப் பிழையின் பரிமாணத்தைப் பாருங்கள். 40 கடல் மைல் என்பது 74 கிலோமீற்றர். 4,000 கிலோமீற்றர் பயணத்தில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஒரு பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்த மாணவரைப் பாராட்டுகிறோம். நேரத்தாற் பார்த்தால் இன்னும் சிறிது. இறங்கும் கட்டத்தில் அத்தகைய ஜெட் விமானம் நிமிடத்திற்கு 4 கடல் மைல் செல்வதாகக் கொண்டால், 40 கடல் மைல் பத்தே நிமிடம். பத்து நிமிடம் தாமதித்து இறங்கத் தொடங்கியிருந்தால் கீழே நீர்கொழும்புக் கரையோரச் சமநிலம் இருந்திருக்கும், மலை இராது.

இதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலும் ஒரு பயணிகள் விமானம் இதேபோல் முற்கூட்டி இறங்கி மலையில் மோதி 92 பேரைக் காவுகொண்டது. விமானத்தில் எந்தக் கோளாறுமின்றி, விமானியின் கட்டுப்பாட்டிலேயே இருந்து, நேரே மலைக்குட் செல்லும் விபத்துக்கள் அக்காலத்தில் உலகெங்கும் அடுக்கடுக்காக நிகழ்ந்தன. கனடாவிற் பிறந்த டொன் பேற்மன் என்ற பொறியியலாளர், தரை நெருங்குவதை உணர்ந்து விமானிக்குக் குரல் கொடுத்து எச்சரிக்கும் கருவியை உருவாக்கியிருந்தார். வெர்ஜீனியா விபத்தைத் தொடர்ந்து அமெரிக்கா பெரிய பயணிகள் விமானங்களில் அதனைக் கட்டாயமாக்கியது; பிற நாடுகளும் பின்பற்றின. 1990களில் உலகத்து மலைகளின் உயரங்களையெல்லாம் நினைவிற் கொண்டு, செயற்கைக் கோள்களின் துணையுடன் முன்னே வரும் மலையைச் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. இன்றைய விமானத்தின் கருவிக்குச் சப்தகன்னியர் மலை எங்கே இருக்கிறது என்பது தெரியும். பேற்மன் 2023இல் காலமானார். அவரது கருவியினால் உயிர் தப்பியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுதல் இயலாது. தப்பியவர்களுக்கே தாம் தப்பியது தெரியாதல்லவா!

மாணவரின் கேள்விக்கு இப்பொழுது குடும்பத்துப் பெரியோரும் செவிசாய்க்கத்தக்க மறுபக்கம் ஒன்று உண்டு. தோட்டங்களில் வாழும் நம்மவருள் பலருக்கு விமானப் பிரயாணம் என்றால் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளிதான். பாட்டன் பூட்டன் ஊர் திருச்சியாகவோ புதுக்கோட்டையாகவோ சேலமாகவோ இருக்கும். அவர்கள் முதலில் வந்தது மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை சுமார் 150 மைல் கால்நடையாக. வழியில் வாந்திபேதியினாலும் காய்ச்சலினாலும் மாண்டவர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பற் சேவை தொடங்கியது. மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்த பின் கப்பலேற்றி அனுப்பினர்.

பின்னர் திரும்பிப் போகும் காலமும் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் கணக்கிட்டது. இரண்டு மாதம் செல்லுமுன் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஒப்பந்தத்தின்படி சென்றவர்கள் ஹட்டனிலும் தலவாக்கொல்லையிலும் ரயிலேறித் தலைமன்னார் வந்து, அங்கிருந்து இராமேஸ்வரத்திற்குக் கப்பலில் சென்றனர். பலர் நீலகிரிக்குப் போயினர். அவர்களுக்கு வேலையளிக்கத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. தமையன் குன்னூரிலும் தங்கை மஸ்கெலியாவிலும் கொழுந்து பறித்த குடும்பங்கள் இவ்வாறு உண்டாயின. அந்தக் கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று.

இன்று கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் சுமார் 417 கிலோமீற்றர். ஒரு மணி நேரப் பறப்பு. நல்ல செய்திதான். ஆனால் ஓர் அண்ணன் இறந்த செய்தி ஹட்டனில் ஒரு வீட்டிற்கு விடியற்காலை நான்கு மணிக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டும் விசாவும் தயாராய் இருப்பதாகவே கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் இரா. கித்துல்கலை, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்காவுக்கு நான்கு அல்லது ஐந்து மணி. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி முன்னர் அங்கே நிற்க வேண்டும். பறப்பு ஒரு மணி. திருச்சியில் குடிவரவுச் சோதனை, பெட்டி எடுத்தல் என ஒரு மணி. ஒன்பது பத்து மணி கழிந்துவிட்டது. அதுவும் அன்றைய விமானம் நமக்கு வசதியான நேரத்தில் இருந்தால். ஹட்டனுக்கும் திருச்சிக்கும் நேர்கோட்டுத் தூரம் 476 கிலோமீற்றர். பத்து மணியால் வகுத்தால் மணிக்கு 48 கிலோமீற்றர் கூட இல்லை. நல்ல சாரதி அமைந்த பேருந்து அவ்வேகத்திற் போகும்!

“பலாலியிலிருந்து போனால் தூரம் பாதிக்கும் குறைவாயிற்றே” என்று சிலர் நினைக்கலாம். 184 கிலோமீற்றர் என்பது உண்மை. ஆயின் ஹட்டனிலிருந்து கண்டி, தம்புள்ளை, வவுனியா கடந்து பலாலி சேர ஒரு பகல் முழுவதும் வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்கு அது பெரும் வரப்பிரசாதம், மலைநாட்டாருக்கு இல்லை. விமானச் சீட்டு வாங்குமுன் வானத்து நிமிடங்களை மட்டும் பாராமல், வாசற்படியிலிருந்து வாசற்படி வரையுள்ள மணித்தியாலங்களைக் கூட்டிப் பாருங்கள். கட்டுநாயக்காவில் நள்ளிரவில் நிற்க நேருமா, திரும்பி வரும்போது ஹட்டனுக்குப் பேருந்து இருக்குமா என்பவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். முதியோரை அழைத்துச் செல்வோர் முந்தின நாள் மாலையே நீர்கொழும்புப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது புத்தி.

மாணவர்கள் இவ்வார விடுமுறையில் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். ஹட்டன் 6 பாகை 54 கலை வடக்கு, 80 பாகை 36 கலை கிழக்கு. நீலகிரியின் குன்னூர் 11 பாகை 21 கலை வடக்கு, 76 பாகை 48 கலை கிழக்கு. அகலக்கோட்டு வித்தியாசத்தைக் கலைகளாக்கினால் அதுவே கடல் மைல். நெடுங்கோட்டு வித்தியாசத்தைக் கலைகளாக்கி 0.987ஆற் பெருக்குக; பூமத்தியரேகையிலிருந்து விலக விலக நெடுங்கோடுகள் நெருங்குவதால் இந்தத் திருத்தம். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு, பைதகரசின் தேற்றத்தினால் மூன்றாம் பக்கத்தைக் காண்க. 349 கடல் மைல் வரவேண்டும், 646 கிலோமீற்றர். வீட்டில் பாட்டி இருந்தால், அதே தூரத்தைக் கப்பலிலும் ரயிலிலும் கடக்க அந்நாளில் எத்தனை நாட் சென்றன என்று கேட்டு, பக்கத்திற் குறித்துக்கொள்க.